பதினாறு பிள்ளைகளா? யார் வளர்ப்பது?

தென்காசி, இலத்தூர் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் போய் "இன்னும் ரெண்டு பெத்துக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். தட்டிலிருந்து நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார்கள், அதுவே போதும்!

"நாமிருவர் நமக்கிருவர்" என்று சுவரெல்லாம் எழுதியது அரசாங்கம்தான். பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது, பிறந்த பிள்ளைகள் பிழைத்தன. பிறப்பும் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 பிள்ளைகள், பீகாரில் 3.

இதற்குக் கிடைத்த பரிசு? மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி 1967-லேயே தமிழ்நாட்டின் மக்களவை இடங்களை 41-லிருந்து 39 ஆக்கிவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976-ல் தொகுதிக் கணக்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தார்கள். 2001-ல் அதை 2026 வரை நீட்டினார்கள். கெடு நெருங்கியதும் பயம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் ஒரு கல்யாண மேடையில் முதல்வர் ஸ்டாலினே, பதினாறு பிள்ளைகள் பெற்றால் என்ன என்கிற மாதிரி பேசினார். விளையாட்டாகத்தான், இருக்கட்டும். ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவோ நிஜமாகவே கேட்டார்!

தொகுதிப் பங்கீட்டுச் சண்டையை டெல்லியில் போடுங்கள் ஐயா. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் நாலாவது பிள்ளையை எந்தக் காசில் படிக்க வைப்பார்?