கரியும் எலுமிச்சையும் தீர்க்காத கறை



சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் இருக்கன்குடிப் பெண் ஒருத்தி. கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அடுப்புக்கரி, உப்பு, எலுமிச்சைச் சாறு மூன்றையும் குழைத்து ஒரு மாதமாகத் தேய்த்திருக்கிறாள். முன்பல்லின் பழுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. பல் கூச்சம்தான் மிச்சம்.

விருதுநகர் மாவட்டத்தில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால், பல் முளைக்கும் முன்பே எனாமலுக்குள் கறை பதிந்துவிடும். மேலே தேய்த்து என்ன பயன்? எலுமிச்சையின் அமிலம் எனாமலை இளக்குகிறது, கரியும் உப்பும் அதை அரைத்தெடுக்கின்றன. போன எனாமல் திரும்ப வளராது. அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கின் நுண்குழல்கள் திறந்துகொள்ள, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுள்ளென்கிறது.

கூச்சத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையும் மென்மையான பிரஷும் சில வாரங்களில் பலன் தரும். புளிப்புச் சாப்பிட்டவுடன் பல் துலக்கக் கூடாது. அரை மணி நேரமாவது போகட்டும். கறைக்குப் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஃபுளோரைடு பாதிப்பு சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937-லேயே பதிவானது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு அளவைக் குடிநீர்த் தொட்டியிலேயே எழுதி வைக்க வேண்டும்.

– வாசகர், இருக்கன்குடி