யூரியா சேதனமா, அசேதனமா?

யூரியா எந்த வகைச் சேர்வை என்று இலங்கையில் இரசாயனவியல் படிக்கும் மாணவனிடம் கேட்டால், "சேதனச் சேர்வை" என்பான். சரியான விடை. அதே மாணவன் விவசாயப் பாடத்தில் யூரியாவை "அசேதனப் பசளை" என்று எழுத வேண்டும். அங்கே அதுதான் சரி! ஏன் இப்படி என்று விளக்காமல் இரண்டையும் மனனம் செய்ய வைத்துவிடுகிறார்கள்.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. சேதனம் என்றால் உயிருணர்வு உள்ளது. உயிர்களில் காணப்படும் பொருட்களை ஆக்க ஏதோ ஓர் "உயிர்விசை" வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்சீலியஸ் போன்றோர் நம்பினார்கள். 1828இல் வோலர் அமோனியம் சயனேற்றை ஆக்க முயன்றார். கிடைத்ததோ யூரியா, சிறுநீரில் இருக்கும் அதே யூரியா! சிறுநீரகம் தேவைப்படவில்லை. அந்த நம்பிக்கை மெல்ல மெல்லச் செத்தது, பெயர் மட்டும் சாகவில்லை.

இன்று இரசாயனவியலில் சேதனம் என்பது காபன் சேர்வைகளைக் குறிக்கும், உயிரை அல்ல. அதிலும் காபனீரொட்சைட்டும் காபனேற்றுக்களும் வெளியே நிற்கின்றன. "சேதனம் எரியும், நீரில் கரையாது" என்ற வேறுபாட்டு அட்டவணை இன்னும் மோசம். சீனி தேநீரில் கரையவில்லையா? காபன் நாற்குளோரைட்டு ஒரு காலத்தில் தீயணைக்கவே பயன்பட்டது.

வயலில் சேதனம் என்றால் தாவர, விலங்குக் கழிவிலிருந்து வந்தது என்று பொருள். அப்படிப் பிரிப்பதில் பிழையில்லை. சேதனம் என்றதும் அமுதம், அசேதனம் என்றதும் நஞ்சு என்று பேசுவதுதான் பிழை. சாணம் போட்டாலும் யூரியா போட்டாலும் நெல்லின் வேர் நைதரசனைப் பெரும்பாலும் அமோனியம், நைத்திரேற்று அயன்களாகவே உறிஞ்சுகிறது. இரண்டும் அசேதனம்! எப்பாவலயில் தோண்டியெடுக்கும் பாறைப் பொசுபேற்றும் அசேதனம்தான், ஆனால் பாறைப் பொசுபேற்றைச் சேதன விவசாயம் ஏற்றுக்கொள்கிறது. கூட்டெரு மண்ணுக்கு நல்லது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் யூரியாவில் நைதரசன் 46 வீதம், கூட்டெருவிலோ வழக்கமாக ஒன்றிரண்டு வீதந்தான். ஒரு மூடை யூரியாவுக்கு எத்தனை மூடை கூட்டெரு வேண்டும் என்பது வெறும் பெருக்கல் கணக்கு.

அந்தக் கணக்கைப் பார்க்காமல்தான் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நாடு முழுவதும் ஒரே போகத்தில் மாற வேண்டுமாம்! நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று.