எஸ்.பி.எம். தாளில் கேள்வி இல்லை... ஆங்கிலச் சிறுகதை எதுக்கு?

ஆங்கிலப் பாடத்தில் சிறுகதை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யூடியூப்பில் கதைச்சுருக்கத்தைப் பார்த்துட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவீங்களா?

மலேசிய இடைநிலைப்பள்ளிகளின் ஆங்கிலப் பாடத்தில் இலக்கியக் கூறு 2000-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. எஸ்.பி.எம். தேர்விலும் அதிலிருந்து கேள்விகள் வந்தன. 2021-இல் தேர்வு வடிவம் மாறியது. இப்போது வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என 4 தாள்கள். பாடக் கதைகளுக்கென்று தனிக் கேள்வி கிடையாது.

அப்படின்னா கதையை விட்டுடலாமா?

கதை என்ன கற்றுத் தரும்?

4, 5-ஆம் படிவங்களுக்கான பாடக் கதைகளில் ஒன்று, எம்.ஜி.வசாஞ்சி எழுதிய 'லீவிங்'. தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பம். கணவரை இழந்த தாய், கடை நடத்திப் பிள்ளைகளை வளர்க்கிறார். மகனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அம்மா அனுப்புவாரா?

'லீவு' என்றால் நமக்கு விடுமுறை. இந்தக் கதையில் அதே சொல்லுக்கு, வீட்டை விட்டுப் போவது என்று பொருள். அகராதியில் 2 பொருளுமே இருக்கும். ஆனால் அந்த அம்மாவின் தவிப்போடு படித்தவருக்குச் சொல் மறக்காது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில், தெரியாத சொல்லையும் முன்பின் வரிகளை வைத்து ஊகிக்கிறோம். வாசிப்புத் தாளுக்கு அதே பழக்கம்தான் தேவை.

பேச்சுத் தேர்வுக்கும் உதவும். வெறுமனே "கல்வியின் முக்கியத்துவம்" பற்றிப் பேசச் சொன்னால் திணறுவோம். "நீங்க அந்த அம்மாவா இருந்தா அனுப்புவீங்களா?" என்று கேட்டால் சொல்ல ஏதாவது இருக்கும்.

சிக்கல் எங்கே?

ஆசிரியர் வரிக்கு வரி மொழிபெயர்க்க, மாணவர்கள் கருப்பொருளையும் படிப்பினையையும் மனப்பாடம் செய்தால் இந்தப் பயன் கிடைக்காது. வீட்டில் ஆங்கிலம் புழங்காத மாணவருக்கு இழப்பு இன்னும் அதிகம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பலருக்குத் தமிழ், மலாய்க்கு அடுத்த மூன்றாவது மொழி அது. முழு நீள ஆங்கிலத்தை அவர்கள் சந்திக்கும் இடம் அந்த ஒரு வகுப்பாகவே இருக்கலாம்.

நீங்கள் செய்து பார்க்கலாம்

🔹 முதல் தடவை அகராதியைத் தொடாமல் படியுங்கள். கதையோட்டம் பிடிபட்டால் போதும்.

🔹 கதையை வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லுங்கள். எங்கே தடுமாறுறீங்களோ, அங்கேதான் சரியாகப் புரியவில்லை. அந்தப் பத்தியை மட்டும் திரும்பப் படியுங்கள்.

🔹 பிறகு அதே கதையை ஆங்கிலத்தில் 2 நிமிடம் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். இறந்தகால வினைகள் சரியா என்று கவனியுங்கள்.

தேர்வில் வராத பாடம் என்று ஒதுக்கிய அந்தப் புத்தகம் உங்கள் பையில்தான் இருக்கும். இந்த வாரம் ஒரு கதையை எடுத்துப் பாருங்களேன்!