கூடைக்காரக் கொலைகாரன்

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரின் (2005–2008) பெரிய வில்லன் யாரென்றால், ஒரு நிலப்பரப்பையே எரிக்கத் துணிந்த தீ தேசத்து அரசன் ஓசாய் என்பார்கள். என் ஓட்டு, ஒரே அத்தியாயத்தில் தலைகாட்டும் யோன் ராவுக்கு. தென் நீர்க்குலத்தில் நீர் வித்தை தெரிந்த கடைசி ஆளைத் தேடி வந்த தீ தேசப் படைத்தலைவன் அவன். மகள் கதாராவைக் காப்பாற்ற, “அது நான்தான்” என்று பொய் சொல்கிறாள் தாய் கயா. சரணடைந்தவளைச் சிறைபிடிக்காமல் அங்கேயே கொல்கிறான். கட்டளை மேலிடத்தினுடையது என்று வாதாடலாம்தான். ஆனால் பல வருடம் கழித்து, வளர்ந்த கதாரா அவனைத் தேடிப் பிடிக்கும்போது அவன் யார்? ஓய்வு பெற்று, வயதான தாயின் ஓயாத திட்டை வாங்கிக்கொண்டு, சந்தைக்குக் கூடை தூக்கும் கிழவன். கொட்டும் மழையை அவள் அந்தரத்தில் நிறுத்துகிறாள். துளிகள் பனிக்கூர்களாகி அவன் முகத்துக்கு நேரே நிற்கின்றன. அப்போது அவன் சொல்லும் பரிகாரம்: உன் தாய்க்கு ஈடாக என் தாயைக் கொன்றுவிடு! அந்த இடத்தில்தான் அவன் முழுசாக அம்பலமாகிறான். ஓசாயிடம் வெறியாவது இருக்கிறது. இவனிடம் கொள்கை, பகை எதுவும் இல்லை. தன் தலை தப்பினால் போதும், யார் தாய் செத்தாலும் சரி. கதாரா அவனை மன்னிக்கவில்லை, கொல்லவும் இல்லை. தீமையை அளக்கப் பிணக்கணக்கு போதாது. அரசர்கள் ஆணையிடலாம், அதை நிறைவேற்ற யோன் ராக்கள் வேண்டும். அவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.