ஒருங்குறிக்கு நாள் குறியுங்கள்

ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்த தமிழ்ச் சுற்றறிக்கையை இன்னோர் அலுவலகத்தின் கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாக வந்து நிற்பது இன்றும் நடக்கிறது. கைப்பேசியில் திறந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு ஊழியர்கள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அச்செடுத்து, கையொப்பம் வாங்கி, ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். படத்தில் எதையும் தேட முடியாது, ஒரு வரியைக்கூட எடுத்து ஒட்ட முடியாது. பெற்றுக்கொண்டவர் அதையே முதலிலிருந்து மறுபடி தட்டச்சு செய்கிறார். மாவட்டந்தோறும் துறைதோறும் இப்படி வீணாகும் உழைப்புக்குக் கணக்கே இல்லை.

கோளாறு எங்கே இருக்கிறது என்பது கணினித் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே அந்த எழுத்துருவின் வேலை. அது நிறுவப்படாத கணினிக்குக் கோப்பு போனால், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிந்துவிடுகிறது. வானவில், டேம், டேப், திஸ்கி என்று ஒவ்வொன்றும் எழுத்துகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பதால், ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க முடியாது.

தீர்வு புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியின் (யூனிகோட்) முதல் பதிப்பு வந்த 1991-லேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தபோது சாதாரணக் கணினியிலும் அது வேலை செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி டேம், டேப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக்கிய தமிழக அரசு, 2010-ல் ஒருங்குறியையே தன் தரமாக ஏற்று ஆணையிட்டது. கூடவே டேஸ்16 என்ற குறியீட்டை மாற்றுத் தரமாக வைத்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தருகிறது என்பது அதன் சிறப்பு. ஆனால் அது ஒருங்குறியில் தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்ந்திருக்கிறது. நம் கைப்பேசிகளுக்கும் தேடுபொறிகளுக்கும் அது புரியாது. அச்சகத்துக்கு அது போதலாம்; மக்களுக்கு அனுப்பும் கோப்புக்கு ஆகாது.

ஆணை வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தும் பழைய எழுத்துருக்கள் அலுவலக மேசைகளை விட்டு இறங்கவில்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் புதிய விசைப்பலகைக்கு மாறாது என்பதே வழக்கமாகச் சொல்லும் காரணம். இது செல்லாத காரணம். பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து ஒருங்குறியாகப் பதிவு செய்யும் இலவச மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் காசில்லாமல் தருகிறது. விரல்கள் எதையும் மறக்க வேண்டியதில்லை.

தாமதத்தால் பெரிதும் வதைபடுபவர்கள் பார்வையற்றவர்கள். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் ஒருங்குறித் தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும். பாமினிக் கோப்பைக் கொடுத்தால் அவை ஆங்கில எழுத்துகளைக் குழறும். ஸ்கேன் செய்த படத்தைக் கொடுத்தால் அதில் படிக்க எதுவும் கிடைக்காது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொள்ள ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க வேண்டியிருக்கிறது. மின்னணு ஊடகத்தில் உள்ளவை எவரும் அணுகக்கூடிய வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பற்றிய சுற்றறிக்கையே படமாக வந்தால் என்ன செய்வது?

எழுத்துக் குறியீட்டோடு கோப்பு வடிவத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் ஒழுங்காகத் திறக்கும் வடிவத்தில் அரசு எழுதினால், குடிமக்களையும் அந்த மென்பொருளை வாங்கச் சொல்வதாகிறது. திறந்த ஆவண வடிவமான ஓடிஎஃப் 2006-ல் பன்னாட்டுத் தரமானது. மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் வடிவம் 2008-ல் தரமாக்கப்பட்டபோது இந்தியா எதிர்த்து வாக்களித்தது. பிரிட்டன் அரசு 2014-ல், துறைகள் பகிர்ந்து திருத்தும் ஆவணங்களுக்கு ஓடிஎஃப் என்று தேர்ந்துகொண்டது. தமிழகத்துக்கும் இது அந்நியமல்ல. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே லினக்ஸையும் ஓபன் ஆஃபிஸையும் கையில் எடுத்தது. தொடங்கியதை நாம் தொடரவில்லை.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். விண்டோஸில் லதாவில் அமைத்த கடிதம் மேக் கணினியில் வேறு எழுத்துருவுக்கு மாறி, வரிகள் நீண்டு, ஏழாம் பக்கத்துப் பத்தி எட்டாம் பக்கத்துக்குப் போய்விடும். வழக்கு ஆவணத்தில் பக்க எண்ணைச் சுட்டும் வழக்கறிஞருக்கு இது சிறு தொல்லையல்ல. யாரும் எந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ள உரிமம் தரும் நோட்டோ போன்ற எழுத்துருக்களை அரசு ஆவணங்களுக்கு விதியாக்கலாம்.

உண்மையிலேயே கடினமான வேலை பழைய கோப்புகளை மாற்றுவதுதான். மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பாமினி என்றே எண்ணித் தமிழாக்கிவிடும் மாற்றி உண்டு. ‘கொ’ என்பதைப் பழைய எழுத்துருவில் கொம்பு, ககரம், கால் என்று வரிசையாக அடித்திருப்பார்கள். ஒருங்குறியில் ககரம் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் பட்டாதாரரின் பெயர் மாறிவிடும். எனவே மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் மனிதர் ஒருவர் படித்துச் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்குவது செலவென்றால், அது செய்தே தீர வேண்டிய செலவு. மின் அலுவலகத் திட்டத்தில் கோப்புகள் கணினிக்குள்ளேயே நகரும் காலத்தில் பழைய ஆவணங்களைத் தேட முடியாமல் கிடத்தி வைப்பது தவறு.

தலைமைச் செயலகம் ஒரு நாளைக் குறிக்கட்டும். அந்த நாளுக்குப் பிறகு ஒருங்குறியில், திறந்த வடிவத்தில் இல்லாத தமிழ்க் கோப்பை எந்த அலுவலகமும் அனுப்பவும் கூடாது, ஏற்கவும் கூடாது என்று ஆணையிடட்டும். கையொப்பமிட்ட பிரதி தேவையென்றால் அதை இணைப்பாகச் சேர்க்கலாம். படிக்கவும் தேடவும் கூடிய மூலக் கோப்பும் அதனுடன் வர வேண்டும்.