வாடகை வருமானத்தில் எந்த வரியை கழிக்கலாம்? ரசீது இல்லாமல் கோட்டை விடும் பொத்தேரி வீட்டுக்காரர்கள்

பொத்தேரியில் ரெயிலை விட்டு இறங்கி எந்த தெருவுக்குள் நுழைந்தாலும் "டூ-லெட்" போர்டு கண்ணில் படும். எஸ்.ஆர்.எம். மாணவர்கள், மறைமலை நகர் கம்பெனிகளுக்கு வேலைக்கு போகிறவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதை நம்பி பேங்கில் லோன் போட்டு மாடி எழுப்பி, இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டவர்கள் இந்த பக்கம் நிறைய பேர்.

இவர்களுக்கு வருடா வருடம் ஒரு குழப்பம். நகராட்சிக்கு சொத்து வரி கட்டியாச்சு. வருமான வரி கணக்கிலும் வாடகையை காட்டணும் என்கிறார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை வரியா? கட்டின வரியை கழிக்க முடியாதா?

கழிக்கலாம். ஆனால் எல்லா வரியையும் இல்லை. உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் வரியை மட்டும் தான். நகராட்சி, மாநகராட்சி என்றால் சொத்து வரி, ஊராட்சி பகுதி என்றால் வீட்டு வரி. வருடம் முழுக்க வாங்கிய வாடகையில் முதலில் இதை கழிக்க வேண்டும். மிச்சத்தில் 30 சதவீதத்தை அரசே தள்ளுபடியாக கொடுக்கிறது. பெயிண்ட் அடித்தது, மோட்டார் ரிப்பேர், புரோக்கர் கமிஷன், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். ஒரு ரூபாய் செலவு செய்யாவிட்டாலும் 30 சதவீதம் உண்டு, இடிந்த சுவரை லட்ச ரூபாய் போட்டு கட்டினாலும் அதே 30 தான்.

1961-ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக 2025-ல் புதிய வருமான வரி சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதை 2026 ஏப்ரல் 1-ந்தேதி முதல் அமலாக்க முடிவானது. அதிலும் இந்த கணக்கு மாறவில்லை. சொத்து வரியை கழித்த பிறகு தான் 30 சதவீதம் என்று இன்னும் தெளிவாகவே எழுதி விட்டார்கள்.

கட்டினால் தான் கழிவு

இங்கே தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். நகராட்சியில் இருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் போதாது. அந்த நிதியாண்டுக்குள், அதாவது மார்ச் 31-ந்தேதிக்குள், பணம் கட்டியிருக்க வேண்டும். மூன்று வருட பாக்கியை இந்த வருடம் மொத்தமாக கட்டினால் மொத்தத்தையும் இந்த வருடமே கழிக்கலாம். கட்டாமல் இழுத்தடித்தால் கழிவு பூஜ்யம்.

இன்னொன்று, வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும். "வீட்டு வரியை நீங்களே கட்டிடுங்க" என்று குடியிருப்பவர் தலையில் கட்டி விட்டு, அதை தன் கணக்கில் கழிக்க முடியாது. ரசீது இன்னும் இறந்து போன அப்பா பேரிலேயே வந்துகொண்டு இருந்தால் பெயர் மாற்றம் செய்து வைப்பது நல்லது.

கீழே சொந்த குடித்தனம், மாடியில் வாடகை என்றால் முழு ரசீதையும் கழிக்க கூடாது. மாடி பங்குக்கு எவ்வளவோ அவ்வளவு தான்.

பத்திரம் பதிந்தபோது கட்டிய முத்திரை தீர்வை, பதிவு கட்டணம், போன வருடம் கட்டிய வருமான வரி, கரண்ட் பில், இதெல்லாம் வாடகையில் கழியாது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். (பொத்தேரிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் ரோடு தான் ஞாபகம் வரும். இது வேற!) ஒரு குடும்பம் குடியிருக்க விட்ட வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மாணவர் ஹாஸ்டலுக்கும் ஒருவருக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு. ஆனால் சாப்பாடு போட்டு ஹாஸ்டல் நடத்தினால் அது பெரும்பாலும் தொழில் வருமானம் ஆகிவிடும். அதற்கு கணக்கே வேற, இந்த 30 சதவீதம் வராது.

லோன் வட்டி தனி. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்த வட்டியையும் கழிக்கலாம், அசலை கழிக்க முடியாது. வட்டி அதிகம் என்றால் வாடகை வருமானம் மைனசில் கூட போகும். அந்த நஷ்டத்தை பழைய வரி முறையில் சம்பளத்தில் 2 லட்சம் வரை சரிக்கட்டலாம். புதிய முறையில் முடியாது.

கையில் எவ்வளவு நிற்கும்?

இரண்டு போர்ஷனும் சேர்த்து மாதம் 15 ஆயிரம் வாடகை என்று வைப்போம். வருடம் 1 லட்சத்து 80 ஆயிரம். அந்த மாடிக்கு சொத்து வரி 6 ஆயிரம். கழித்தால் 1 லட்சத்து 74 ஆயிரம். அதில் 30 சதவீதம் போக வருமானம் 1 லட்சத்து 21 ஆயிரத்து 800. சொத்து வரியை கழிக்காமல் விட்டிருந்தால் 1 லட்சத்து 26 ஆயிரம்.

வித்தியாசம் 4 ஆயிரத்து 200 தான். 20 சதவீதம் வரி கட்டுகிறவருக்கு மிச்சம் 840 ரூபாய் சொச்சம். 5 சதவீதக்காரருக்கு 210 ரூபாய். 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்பதால், நம்ம ஊர் சின்ன வீட்டுக்காரர்கள் பலருக்கு மிச்சமே கிடையாது. கட்டாத வரியில் என்ன மிச்சம்?

அதே சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளில், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபரில் கட்டினால் நகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. 6 ஆயிரத்துக்கு 300 ரூபாய், ஆடிட்டர் தயவு வேண்டாம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் அபராத வட்டி. பாதி பேருக்கு வருமான வரி ஆபீசை விட நகராட்சி கவுண்டரில் தான் லாபம் இருக்கிறது.

அதற்காக வாடகையை மறைக்கவும் கூடாது. குடியிருப்பவர் கம்பெனியில் வீட்டு வாடகை படி சலுகை கேட்டால், வாடகை வருடம் 1 லட்சத்தை தாண்டும்போது வீட்டுக்காரர் பான் நம்பரையும் கொடுக்க வேண்டும். கணக்கு அங்கேயே தெரிந்து விடும்.

குடியிருப்பவர் கேட்கலாம்

"வீட்டு வரி ஏறிடுச்சு, வாடகையில ஆயிரம் ஏத்திக்கிறேன்" என்பது 2022 ஏப்ரலுக்கு பிறகு இங்கே அடிக்கடி கேட்ட வசனம். அந்த மாதம் அறிவித்த உயர்வில், சென்னைக்கு வெளியே நகராட்சி பகுதிகளில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் ஏறியது.

ஏற்றம் பெரிசு தான். ஆனால் ரூபாயில் பாருங்கள். 4 ஆயிரமாக இருந்த வரி 50 சதவீதம் ஏறி 6 ஆயிரம் ஆனால், கூடுதல் வருடத்துக்கு 2 ஆயிரம். இரண்டு போர்ஷனுக்கு பிரித்தால் ஒரு போர்ஷனுக்கு மாதம் 83 ரூபாய் சொச்சம். அதன் பிறகு விதிப்படி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினாலும் 6 ஆயிரத்துக்கு 360 ரூபாய், ஒரு போர்ஷனுக்கு மாதம் 15 ரூபாய். ஆயிரம் ஏற்றுகிறவரிடம் மீதி எந்த வரிக்கு என்று கேட்டு, ரசீதையும் ஒரு தடவை காட்டச் சொல்லலாம்.