மூலையில் ஒரு பெயர்

போன தீபாவளிக்கு முன்பு பீடோரில் அம்மா வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய பள்ளி நோட்டு ஒன்று கிடைத்தது. பக்கமெல்லாம் பூக்கள். செம்பருத்தி, கனகாம்பரம், பெயர் தெரியாத காட்டுப்பூ ஒன்று. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில், மரம் சீவிவிட்டு வந்த மத்தியான நேரங்களில் அம்மா வரைந்தவை. அடியில் கார்பன் தாள் வைத்துத் தலையணை உறையில் பதித்து, அதன்மேல் நூல் வேலை செய்வார்களாம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். மங்கிய பென்சில் கோட்டுக்குக் கறுப்பை ஏற்றி, தாளின் மஞ்சளை நீக்கி, இதழ் இதழாக வண்ணம் கொடுத்தேன். ஆனால் திரையில் பளீரென்று சிரித்த செம்பருத்தி, அச்சில் செங்கல் நிறத்தில் வந்தது! திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ நான்கு மைகளைக் கலந்து சமாளிக்கிறது. நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் முதலில் ஒரே ஒரு தாள் அச்சடித்துப் பாருங்கள். பளபளப்பில்லாத தடித்த தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

பத்துப் படங்களுக்குச் சட்டம் போட்டு உறவினர்களுக்குக் கொடுத்தேன். கீழ் மூலையில் அழகாக என் பெயர். அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இது அண்ணி போட்ட பூவாச்சே. பேரு மட்டும் உன்னோடதா?"

"விடுங்க, எம் பேரு எதுக்கு" என்றார் அம்மா. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

வானொலி நிகழ்ச்சிக்காக எப்போதோ படித்த ஒரு செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்று ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் படமாக்கிக் கல்லச்சில் ஏற்றியவர். அவருடைய பெரிய நூல் 1838 முதல் 1853 வரை 6 தொகுதிகளாக வந்தது. மொத்தம் 2,101 படங்கள். நீலகிரித் தாவரங்களைப் பற்றிய இன்னொரு நூலின் படங்களுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டினார்கள். செடியைப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வெள்ளைக்காரத் துரைகளுக்கு வரைந்த நம்மவர்களில் பலருடைய பெயர் எங்கும் இல்லை. வைட் இவர்கள் பெயரைப் படங்களிலேயே அச்சிட்டார். ஓர் ஆர்கிட் இனத்துக்கு 'கோவிந்தூயா' என்றுகூடப் பெயர் வைத்தார். அந்தப் பெயர் இன்று வழக்கில் இல்லை. படங்கள் மட்டும் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன.

180 வருடத்துக்கு முந்திய துரைக்குத் தோன்றியது, மீடியா படித்த எனக்குத் தோன்றவில்லை.

பத்தையும் திரும்ப அச்சடித்தேன். காசு போனது போகட்டும். இம்முறை மூலையைக் காலியாக விட்டு, பேனாவை அம்மாவிடம் நீட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஐசியில இருக்கிற மாதிரி எழுதணுமா, இல்ல தமிழ்லயா?"

தமிழில்தான் எழுதினார். முதலில் பென்சிலில், அப்புறம் அதன்மேல் பேனாவில்.